பூட்டு உண்டு, பொறுப்பாளர் உண்டா?

சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி இறுத்த காதையில் ஒரு மடல் வருகின்றது. புகாரிலிருந்து மாதவி எழுதியனுப்பிய அவ்வோலையைக் கோசிகன் சுமந்து வந்து, மதுரை நோக்கிச் செல்லும் கோவலனை வழியிடையில் கண்டு கையளிக்கின்றான். கோவலன் அதனை உடனே பிரித்துவிடவில்லை. ஓலையின் மேலிட்ட மண்ணில் மாதவி தன் கூந்தலால் பதித்திருந்த பொறியை நோக்குகின்றான். அதில் தங்கியிருந்த நெய்யின் நறுமணம், இது அவள் விடுத்த மடலே என்று அவனுக்கு உணர்த்துகின்றது. அதன் பின்னரே ஓலையை விரிக்கின்றான்.

மடற்போக்குவரத்தின் இலக்கணம் முழுவதும் இச்சிறு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கின்றது எனலாம். அனுப்பியவர் இன்னார் என்று தெரிய வேண்டும். இடையில் எவரும் எதையும் மாற்றவில்லை என்று தெரிய வேண்டும். உரியவரல்லாதார் படிக்கவில்லை என்ற உறுதியும் வேண்டும். அடையாளம், மாறாமை, மறைவு ஆகிய இம்மூன்றும் ஓலைக்கு மட்டும் உரியன அல்ல. இணையத்தளத்துக்கும் அதனை நாடி வருவோர்க்கும் இடையே நிகழும் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் இவை வேண்டப்படுகின்றன. இவற்றை ஒருங்கே அளிக்கும் ஏற்பாட்டினையே பாதுகாப்பான இணைப்பு என்கின்றோம். இணைய முகவரியின் தொடக்கத்தில் ‘எச்.டி.டி.பி.’ என்பதோடு ‘எஸ்’ என்னும் எழுத்தும் சேர்ந்து நின்றால், அவ்விணைப்பு பாதுகாக்கப்பட்டது என்று பொருள்.

சற்றேறக்குறையப் பத்தாண்டுகளுக்கு முன்பு வரை இவ்வேற்பாட்டுக்குப் பொருட்செலவு ஒரு தடையாக இருந்தது. இன்று அத்தடை நீங்கிவிட்டது. ஆயினும், சிறிய அமைப்புகளின் தளங்களில் சில இன்னும் பூட்டின்றியே இருக்கின்றன. வேறு சில, பூட்டியதை மறந்து துருப்பிடிக்க விட்டிருக்கின்றன. பூட்டு எளிதாகக் கிடைக்கும் இக்காலத்தில், அதனைப் பேணும் பொறுப்பாளரே நமக்கு வேண்டப்படுகின்றார் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

நம் பகுதியும் நம் தளங்களும்

சென்னையின் மேற்குப் புறநகர் பல ஊர்களிலிருந்து வந்து குடியேறியவர்களால் வளர்ந்த பகுதி. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் 1960-களில் எழுந்த பின்னர், வேலையை நாடி வந்தோர் இங்கே வேரூன்றினர். பூந்தமல்லி அவற்றினும் பழைமையான ஊர். 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019-இல் ஆவடி தனி மாநகராட்சி ஆயிற்று. நிருவாக எல்லைகள் மாறினாலும், மக்கள் தாமே கூடி அமைத்துக்கொண்ட அமைப்புகள் தொடர்ந்து நிலைத்திருக்கின்றன. குடியிருப்போர் நலச் சங்கங்கள், பள்ளிவாசல் ஜமாஅத்துகள், முன்னாள் மாணவர் அமைப்புகள், குருதிக்கொடையாளர் குழுக்கள், கல்வி உதவி அறக்கட்டளைகள் என அவற்றை வகைப்படுத்தலாம்.

இத்தகைய அமைப்பு ஒன்று இணையத்தளம் தொடங்கினால் அதில் என்ன இடம்பெறும்? நிருவாகிகளின் பெயர்ப்பட்டியலும் விழாப் புகைப்படங்களும் இடம்பெறும். அவற்றோடு கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பமும் இருக்கும். அதில் மாணவியின் பெயர், தந்தையின் வருமானம், தாயின் கைப்பேசி எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவை கேட்கப்படும். குருதி வகையும் முகவரியும் கொண்ட பட்டியல் ஒன்றிருக்கும். நன்கொடை அனுப்புவதற்குரிய கணக்கு எண்ணோ, கைப்பேசியால் படமெடுத்துப் பணம் செலுத்தும் கட்டக் குறியோ இருக்கும். சிறிய தளமென்று நாம் எண்ணினாலும், எளிய குடும்பம் ஒன்று தன் வாழ்வின் மறைபொருள்களை அதில்தான் எழுதி ஒப்படைக்கின்றது. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளை அமானிதம் என்று நம் பெரியோர் வழங்குவர். அதனைக் காக்கும் கடமை, பொருளின் அளவையோ வைத்திருப்பவரின் வசதியையோ பொறுத்ததன்று.

திறந்த மடலின் இடர்

பூட்டில்லாத இணைப்பு உறையில்லாத அஞ்சலட்டையைப் போன்றது. ஆவடியில் ஒருவர் தம் கைப்பேசியில் எழுதி அனுப்பும் விண்ணப்பம், தளம் இருக்கும் கணிப்பொறியை அடையும் முன் பல கைகளைக் கடக்கின்றது. அவர் அமர்ந்திருக்கும் கடையின் கம்பியில்லா இணைப்புப் பெட்டி, அக்கடைக்கு இணைப்பளிக்கும் உள்ளூர் நிறுவனம், அந்நிறுவனத்துக்கு மேலுள்ள பெரிய நிறுவனம், சில வேளைகளில் கடலடிக் கம்பி என அப்பயணம் நீளும். அக்கைகளுள் எதுவும் அஞ்சலட்டையைப் படிக்க இயலும்; எழுதியதை அழித்து வேறொன்றை எழுதவும் இயலும்.

இது வெறும் அச்சமன்று என்பதற்கு இரண்டு சான்றுகளைக் காட்டலாம். 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்னும் அமெரிக்க நிரலாளர் ‘ஃபயர்ஷீப்’ என்ற சிறு கருவியை வெளியிட்டார். ஒரே கம்பியில்லா இணைப்பைப் பயன்படுத்தும் பிறருடைய கணக்குகளுக்குள், கடவுச்சொல் அறியாமலே, ஓரிரு சொடுக்கில் நுழைந்துவிடலாம் என்பதை அது உலகுக்குக் காட்டியது. பெரிய தளங்கள் பூட்டின் இன்றியமையாமையை உணர்ந்து விரைந்ததற்கு அக்கருவியும் ஒரு காரணம்.

இரண்டாவது சான்று நம் நாட்டினுடையது. 2015 ஜூனில் பெங்களூரைச் சேர்ந்த நிரலாளர் தேஜேஷ், தம் சொந்தத் தளத்தை ஏர்டெல் நிறுவனத்தின் மூன்றாம் தலைமுறை இணைப்பின் வழியே திறந்தபோது, தாம் எழுதாத நிரல்வரிகள் தம் பக்கத்தில் செருகப்பட்டிருப்பதைக் கண்டார். அவற்றின் படியை அவர் பொதுவில் வெளியிட்டார். அந்நிரலுக்கு உரிய இஸ்ரேலிய நிறுவனத்தின் சார்பில் அவருக்கு வழக்கறிஞர் அறிவிப்பு ஒன்றும் வந்தது. அச்செருகலின் நோக்கம் யாதாயினும் ஆகுக. பூட்டில்லாத பக்கத்தில் வழியிடையில் உள்ளவர் வேண்டியதை எழுதலாம் என்பது அன்று ஐயத்துக்கு இடமின்றிப் புலனாயிற்று.

‘நம் தளத்தில் இரகசியம் என்ன இருக்கின்றது? நோன்புக் கஞ்சி நேரமும் பொதுக்குழு அறிவிப்புந்தானே!’ என்று கேட்போர் இங்கே சற்றே நின்று சிந்திக்க வேண்டும். நன்கொடைக்கான கணக்கு எண்ணில் மறைபொருள் ஏதுமில்லை; ஊரறிய அச்சிடப்படுவதே அது. ஆனால் வழியில் ஒருவன் அவ்வெண்ணை அழித்துத் தன் எண்ணை எழுதிவிட்டால் நேர்வது என்ன? கொடுத்தவர் கொடுத்ததாகவே எண்ணியிருப்பார். பெற வேண்டியவர் பெறமாட்டார். பழி சங்கத்தின் பொருளாளர்மீது விழும். மறைக்க வேண்டியது ஒன்றும் இல்லாத இடத்திலும் மாறாமை வேண்டப்படுகின்றது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலிருந்து சரக்கேற்றிப் புறப்படும் பெட்டி வண்டியின் கதவில் எண்ணிட்ட முத்திரை இடுகின்றனர். உள்ளே இருப்பது இன்ன பொருள் என்பது சீட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். ஆயினும் முத்திரை இடுகின்றனர். போய்ச் சேரும் இடத்தில் அது உடையாமல் இருக்கின்றதா என்று பார்க்கின்றனர்.

மறைமொழிக் கலையின் வரலாறு

இப்பூட்டு அண்மையில் முளைத்த விந்தை அன்று. அதன் பின்னணியில் ஒரு நெடிய அறிவு மரபு உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் அல்-கிந்தி, மறைமொழியில் எழுதப்பட்ட மடல்களை அவிழ்ப்பது பற்றித் தனி நூலே எழுதினார். ஒரு மொழியில் எந்த எழுத்து எத்தனை முறை பயில்கின்றது என்று எண்ணிப் பார்த்தால், மறைக்கப்பட்ட எழுத்தையும் கண்டறியலாம் என்ற முறையை அவர் விளக்கியிருக்கின்றார். அந்நூலின் கையெழுத்துப் படி இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இஸ்தான்புல் நகரத்துச் சுலைமானியா நூலகத்திலிருந்து வெளிச்சத்துக்கு வந்தது. ‘எழுத்துகளை மாற்றி எழுதினால் போதும், எவர்க்கும் விளங்காது’ என்ற எண்ணம் அவரால் தகர்ந்தது. ஒரு பூட்டின் வலிமையை அறிய, அதைத் திறக்க முயல்வோரின் வழிகளை முதலில் ஆராய வேண்டும் என்பது அவர் விட்டுச்சென்ற பாடம்.

முன்பின் அறியாத இருவர், எல்லாரும் கேட்கும்படி பேசியே, தமக்குள் ஓர் இரகசியத்தை உருவாக்கிக்கொள்ள இயலுமா? இயலும் என்று 1976-இல் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகியோர் கணித வழியில் காட்டினர். அந்த ஹெல்மனின் மாணவராக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றவர், எகிப்து நாட்டில் பிறந்த தாஹிர் எல்கமால். பின்னாளில் அவர் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் தலைமை அறிவியலாளராக இருந்த காலத்தில், 1995-இல், ‘எஸ்.எஸ்.எல்.’ என்னும் பாதுகாப்பு நெறிமுறை வெளிவந்தது. அதனால் அவரை அந்நெறிமுறையின் தந்தை என்று குறிப்பிடுவர். அதே 1995 ஆகஸ்டு 15-இல்தான் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் திறந்துவிட்டது. எனவே, நம்மவர்க்கு இணையத்தின் கதவு திறந்த ஆண்டும், அக்கதவுக்குப் பூட்டு வந்த ஆண்டும் ஒன்றே. 1999-இல் ‘டி.எல்.எஸ்.’ என்று பெயர் மாறிய அந்நெறிமுறையின் 1.3 என்னும் வடிவம் 2018-இல் வெளியாயிற்று.

இது இயங்கும் முறையை எளிமையாகக் கூறலாம். தளத்தை நடத்துவோரிடம் இரண்டு திறவுகோல்கள் இருக்கும். ஒன்று பொதுத் திறவுகோல். அதனை எவர்க்கும் தரலாம். மற்றது தனித் திறவுகோல். அது தளம் இருக்கும் கணிப்பொறியை விட்டு வெளியேறலாகாது. இவ்விரண்டும் கணிதத்தால் பிணைந்தவை. ஒருவர் தளத்தைத் திறக்கும்போது, தனித் திறவுகோல் தன்னிடம் இருப்பதைத் தளம் மெய்ப்பிக்கின்றது. அப்போதே இருவரும் அந்நேரத்துக்கு மட்டும் உரிய ஓர் இரகசிய எண்ணை உருவாக்கிக்கொள்கின்றனர். அதன் பிறகு செல்வனவும் வருவனவும் அவ்வெண்ணால் மறைக்கப்படுகின்றன. இடையில் ஓரெழுத்து மாறினாலும் மாற்றம் புலப்பட்டுவிடும்.

இனி எஞ்சுவது அடையாளம். ‘இந்தப் பொதுத் திறவுகோல் இந்த முகவரிக்கே உரியது’ என்று சொல்ல நம்பகமான மூன்றாமவர் ஒருவர் வேண்டும். அவரே சான்றளிப்பு நிறுவனம். அவர் தரும் மின்னணு ஆவணமே சான்றிதழ். கோவலனுக்கு மாதவியின் கூந்தல் மணம் முன்பே பழக்கம். அதனால் அவனுக்கு இடையில் ஒருவர் தேவைப்படவில்லை. முன்பின் அறியாத கோடிக்கணக்கானோர் ஒருவரையொருவர் நாடும் இணையத்தில் அவ்விடையாளர் இன்றியமையாதவர் ஆகின்றார்.

செலவு நீங்கிய நாள்

அச்சான்றிதழுக்கு முன்பு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டியிருந்தது. வங்கிக்கும் வணிக நிறுவனத்துக்கும் அது பெரிதன்று. உறுப்பினர் சந்தாவில் ஒலிபெருக்கி வாடகையும் நாற்காலி வாடகையும் கொடுக்கும் சங்கத்துக்கு அது சுமையே. இந்நிலையை மாற்ற அமெரிக்காவில் மொசில்லா அறநிலையம், மின்னணு எல்லை அறநிலையம், மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்தோர் ஒன்றுகூடினர். இலாப நோக்கமற்ற அவர்களது முயற்சி ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்ற பெயருடன் 2014 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. எவர் வேண்டினும், எந்நாட்டவராயினும், கட்டணமின்றிச் சான்றிதழ் பெறலாம் என்று 2015 டிசம்பர் 3-ஆம் நாள் அது தன் கதவைத் திறந்தது.

அந்த நாள் சென்னைவாசிகள் மறக்கக்கூடிய நாளன்று. டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையும், பூந்தமல்லிக்கு அண்மையிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் அடையாற்றங்கரையை மூழ்கடித்திருந்த நேரம் அது. எங்கே உணவு வேண்டும், எவர் வீட்டில் தங்க இடமுண்டு, எந்த எண்ணுக்கு அழைத்தால் படகு வரும் என்பனவற்றைத் தன்னார்வத் தொண்டர்கள் இணையப் பக்கங்களில் திரட்டினர். முன்பின் அறியாதவர்க்குத் தம் வீட்டு முகவரியையும் கைப்பேசி எண்ணையும் மக்கள் தயக்கமின்றி எழுதித் தந்தனர். இடர்க்காலத்தில் சிறிய தளமும் ஒரு நகரத்தின் நம்பிக்கையைச் சுமக்கும் என்பதை அந்நாள்கள் காட்டின. அத்தகைய தளங்களுக்கு விலையில்லாப் பூட்டு கிடைக்கத் தொடங்கியதும் அதே வாரத்தில்தான் என்பது எண்ணத்தக்கது.

அதன்பின் வளர்ச்சி விரைவாயிற்று. லெட்ஸ் என்கிரிப்ட் 2020 பிப்ரவரியில் தன் நூறு கோடியாவது சான்றிதழை வழங்கியது. விக்கிப்பீடியா 2015 ஜூனிலேயே தன் பக்கங்கள் அனைத்தையும் பாதுகாப்பான இணைப்புக்கு மாற்றத் தொடங்கியிருந்தது. தமிழ் விக்கிப்பீடியாவும் அதனுள் அடங்கும். 2018 ஜூலை முதல் கூகுள் குரோம் உலாவி, பூட்டில்லாத ஒவ்வொரு தளத்தின் முகவரிக்கு அருகிலும் ‘பாதுகாப்பற்றது’ என்ற குறிப்பைக் காட்டலாயிற்று.

அமைக்கும் முறை

இதனை அமைப்பது பெரும்புலமை வேண்டும் பணியன்று. தளத்துக்கு இடமளிக்கும் நிறுவனங்கள் பல, சான்றிதழைத் தாமே பெற்றுத் தருகின்றன; கட்டுப்பாட்டுப் பக்கத்தில் ஒரு விசையைத் தட்டினால் போதும். சங்கம் தனக்கென ஒரு கணிப்பொறியை வாடகைக்கு எடுத்திருந்தால், ‘செர்ட்பாட்’ என்னும் விலையில்லா நிரலை நிறுவிக்கொள்ளலாம். அந்நிரல் திறவுகோல் இணையை உருவாக்கிச் சான்றளிப்பவரிடம் விண்ணப்பிக்கும். ‘இம்முகவரி உம்முடையதாயின், யாம் கூறும் சொல்லை அதில் இன்ன இடத்தில் எழுதிக் காட்டுக’ என்று அவர் வினவுவார். நிரல் அவ்வாறே எழுதிக் காட்டும். அவர் வந்து பார்த்து நிறைவுற்றபின் சான்றிதழ் வழங்குவார். இவையனைத்தும் சில மணித்துளிகளில் முடிந்துவிடும்.

அதன்பின் மூன்று பணிகள் எஞ்சும். பழைய முகவரியைத் தட்டச்சிடுவோரையும் தாமாகவே புதிய வாயிலுக்குத் திருப்பிவிட வேண்டும். புதிய கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்திருப்பதில் பயனில்லை. பக்கத்துக்குள் வரும் படங்களும் எழுத்துருக்களும் பூட்டில்லா முகவரிகளிலிருந்து அழைக்கப்படுகின்றனவா என்று பார்த்துத் திருத்த வேண்டும். மூன்றாவதாக, சான்றிதழ் காலாவதியாகும் முன் தானே புதுப்பிக்கப்படும்படி ஏற்பாடு செய்து, அவ்வேற்பாடு இயங்குவதைச் சோதித்தறிய வேண்டும். பெரும்பாலான அமைப்புகள் தவறுவது இம்மூன்றாவது பணியில்தான்.

துருப்பிடித்த பூட்டு

லெட்ஸ் என்கிரிப்ட் வழங்கும் வழக்கமான சான்றிதழின் ஆயுள் 90 நாள். முடிவு நெருங்குவதை மின்னஞ்சலில் நினைவூட்டும் வழக்கத்தையும் அது 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. எந்த நிறுவனத்தின் சான்றிதழாயினும் அதன் ஆயுள் 2029 மார்ச் முதல் 47 நாளுக்கு மேற்படலாகாது என்று சான்றளிப்பு நிறுவனங்களும் உலாவி நிறுவனங்களும் கூடிய மன்றம் 2025 ஏப்ரலில் முடிவெடுத்திருக்கின்றது. திறவுகோல் களவு போனாலும் அதனால் விளையும் கேடு நீண்டநாள் தொடராமல் இருக்க இக்குறுகிய காலம் உதவும். நாட்குறிப்பில் எழுதி வைத்து ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கும் பழக்கம் இனிச் செல்லாது.

சிறிய சங்கத்தில் நடப்பது யாது? ஆர்வமிக்க இளைஞர் ஒருவர் விடுமுறையில் தளத்தை அமைத்துத் தருகின்றார். முகவரி அவர் பெயரில் பதிவாகின்றது; கடவுச்சொல் அவர் நினைவில் இருக்கின்றது; பணம் அவர் அட்டையிலிருந்து செல்கின்றது. பின்னர் அவர் வளைகுடா நாட்டுக்கோ பெங்களூருக்கோ வேலைக்குச் சென்றுவிடுகின்றார். புதுப்பிக்கும் ஏற்பாடு ஒருநாள் நின்றுவிடுகின்றது. உதவித்தொகை விண்ணப்பத்துக்கு இறுதிநாள் நெருங்கும் வேளையில், தளத்தைத் திறப்போர்க்குச் செந்நிற எச்சரிக்கை தோன்றுகின்றது. சங்கத்தின் வாட்சப் குழுவில் உடனே ஒரு செய்தி பரவுகின்றது: ‘பயப்பட வேண்டாம். அட்வான்ஸ்டு என்பதை அழுத்தி, அப்படியே உள்ளே செல்லவும்.’

இச்செய்தியே பூட்டின்மையினும் பெருந்தீங்கு என்று கருதுகின்றேன். ஏனெனில், எச்சரிக்கையைப் பொருட்படுத்தலாகாது என்று நம் பெரியோர்க்கும் இல்லத்தரசியர்க்கும் நாமே பயிற்சி அளித்துவிடுகின்றோம். இன்று சங்கத்தின் பக்கத்தில் கற்ற பழக்கத்தை அவர்கள் நாளை வங்கியின் பெயரால் வரும் போலிப் பக்கத்திலும் கடைப்பிடிப்பர். தம் சேமிப்பை அவர்கள் இழக்கும்போது, அந்த இழப்பில் நம் சங்கத்துக்கும் பங்கு உண்டு. எச்சரிக்கை தோன்றினால் நின்றுவிடுங்கள். முதலில் உங்கள் கைப்பேசியில் தேதி சரியாக உள்ளதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் செயலாளருக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள். இதுவே நாம் கற்பிக்க வேண்டிய பாடம்.

பூட்டின் எல்லை

பூட்டின் பெருமையைக் கூறும்போது அதன் எல்லையையும் கூறுவதே நேர்மை. சான்றளிப்பவரே தவறினால் என்னாகும்? 2011-இல் நெதர்லாந்தின் ‘டிஜினோட்டார்’ என்னும் சான்றளிப்பு நிறுவனத்தின் கணிப்பொறிகளுக்குள் கள்வர் புகுந்தனர். கூகுளின் பெயரில் போலிச் சான்றிதழ் உருவாக்கி, ஈரான் நாட்டு மக்களின் மின்னஞ்சல்களை ஒட்டுக்கேட்க அதனைப் பயன்படுத்தினர். உலாவிகள் அந்நிறுவனத்தைப் புறக்கணித்தன. செப்டம்பரில் அது நொடித்துப்போயிற்று. நம் நாடும் இதற்கு விலக்கன்று. தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து கூகுள் முகவரிகள் சிலவற்றுக்கு முறையற்ற சான்றிதழ்கள் வெளிவந்திருந்தமை 2014 ஜூலையில் தெரியவந்தது. சான்றளிப்போரைக் கண்காணிக்கும் நடுவணரசின் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் அப்பிரிவின் சான்றுகளை உடனே இரத்துச் செய்தது. பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை நம்பித் தேராது தீர்ப்பளித்த மன்னனின் கதையை அறிந்த நமக்கு, இடையாளரையும் கண்காணிக்க வேண்டும் என்பது புதிய செய்தியன்று. இன்று வழங்கப்படும் சான்றிதழ்கள் எவரும் பார்க்கத்தக்க பொதுப் பதிவேடுகளில் இடம்பெறுகின்றன. நம் சங்கத்தின் முகவரிக்கு நாம் கேளாத சான்றிதழ் எவருக்கேனும் கொடுக்கப்பட்டிருக்கின்றதா என்று நாமே தேடிப் பார்க்கலாம்.

இன்னொரு எல்லையும் உண்டு. வழியைக் காப்பதே பூட்டின் வேலை. வழியின் மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்று அது உறுதி கூறாது. மோசடிக்காரனும் தன் தளத்துக்குச் சான்றிதழ் பெறலாம். பூட்டுச் சின்னத்தைக் கண்டதும் மக்கள் தவறாக நம்பிவிடுகின்றனர் என்பதனாலேயே குரோம் உலாவி 2023 செப்டம்பரில் அச்சின்னத்தை நீக்கி வேறொரு குறியை வைத்தது. அதுபோலவே, பூட்டிய வழியில் பத்திரமாக வந்து சேர்ந்த விண்ணப்பங்களை எவரும் திறக்கத்தக்க கோப்பில் போட்டு வைத்தால் பூட்டினால் ஆய பயன் ஒன்றுமில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு 2017 ஆகஸ்டு 24-இல் தீர்ப்பளித்தது. 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் விவரங்களைத் திரட்டுவோர் தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்கின்றது. ஆயினும், தண்டத்துக்கு அஞ்சிச் செய்வதினும், நம்பியவர்க்குச் செய்ய வேண்டிய கடமை என்றுணர்ந்து செய்வதே நம் சங்கங்களுக்குப் பெருமை.

செய்ய வேண்டுவன

எனவே, நம் பகுதி அமைப்புகளின் முன்னே சில வேண்டுகோள்களை வைக்கின்றேன். இணைய முகவரி தனிநபர் பெயரில் இன்றிச் சங்கத்தின் பெயரில் பதிவாகட்டும். அதன் ஆண்டுக் கட்டணம், மின்கட்டணத்தைப் போலவே வரவுசெலவுக் கணக்கில் இடம்பெறட்டும். தளத்தைப் பேணும் பொறுப்பாளர் ஒருவரும் அவர்க்குத் துணையாக மற்றொருவரும் பொதுக்குழுவில் நியமிக்கப்பட்டு, அவர்தம் பெயர் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படட்டும். கடவுச்சொற்கள் முத்திரையிட்ட உறையில் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் இருக்கட்டும். பொறுப்பாளர் மாறும்போது பெட்டிச் சாவியோடு அவையும் கைமாறி, உடனே மாற்றப்படட்டும். மாதம் ஒருமுறை துணைப் பொறுப்பாளர் தளத்தைத் திறந்து, சான்றிதழின் முடிவுநாளைப் பார்த்துக் குறித்து வைக்கட்டும். வேண்டாத விவரங்களைக் கேளாதிருப்பதும், வேலை முடிந்த விண்ணப்பங்களை அழித்துவிடுவதும் விதியாகட்டும்.

‘எங்களுக்குக் கணிப்பொறி தெரியாதே’ என்று மூத்த நிருவாகிகள் தயங்கலாம். பள்ளிவாசலின் மின்மோட்டாரைப் பழுதுபார்க்க அவர்கள் அறிந்திருக்கவில்லை. ஆயினும் அதற்கொரு ஆளை அமர்த்தி, வேலை நடந்ததா என்று கேட்டு, கணக்கெழுதி நடத்தி வருகின்றனர். இதற்கும் அந்த நிருவாகத் திறனே போதும். வினவத் தெரிந்தால் போதும். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

கல்லூரிகளுக்கும் இதில் பங்குண்டு. கணிப்பொறித் துறை மாணவர்கள் தம் ஊர்ச் சங்கத்தின் தளத்தைப் பூட்டித் தருவதைத் தம் செயல்முறைப் பயிற்சியின் ஒரு பகுதியாகக் கொள்ளலாம். செய்ததைத் தாளில் எழுதி ஒப்படைத்துவிட்டுச் செல்வது அப்பயிற்சியின் இறுதிப் படியாக இருக்க வேண்டும். தமிழ்த்துறை மாணவர்க்கு உரிய பணி வேறொன்று. உலாவிகள் காட்டும் எச்சரிக்கைகள் நம் வீட்டுப் பெரியோர்க்கு விளங்காத நடையில் இருக்கின்றன. அவை சொல்வது என்ன, அப்போது செய்ய வேண்டியது என்ன என்பவற்றை எளிய தமிழில் ஒரு பக்க அளவில் எழுதி, சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். மொழி கற்றோர் ஊர்க்குச் செய்யும் உடனடித் தொண்டு அதுவாகும்.

மாதவியின் மடல் உரியவன் கைக்குச் சேர்ந்தது, மண்பொறியால் மட்டுமன்று. அதைச் சிதைக்காமல் சுமந்து வந்த கோசிகன் என்னும் மனிதனாலும்தான். பொறியை இன்று கணிதம் இட்டுத் தருகின்றது; அதற்கு விலையுமில்லை. சுமந்து காக்கும் மனிதரை நாம்தான் அமர்த்த வேண்டும். அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் அதற்கொரு வரி இடம்பெறுவதாகுக.